பாரிவாக்கம் ரோட்டில் ஒரு துணிக்கொடி

நல்ல கரிகாஸ் நீலமாக எரியும். சோதனைக் குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டிவிட்டு காற்று ஊதும் புளோயரைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் வெள்ளைப் புகை வரும். பிறகு அழுக்கு மஞ்சளாக ஒரு நாக்கு. அப்புறம் ஒன்றுமே இல்லாதது போல் ஆகிவிடும். காலை வெயிலில் அந்த நீலம் கண்ணுக்குத் தெரியாது, கையை நீட்டினால் சுடும். தெரியாத ஒன்று சுடுகிறதா என்று கையை நீட்டி நீட்டிப் பார்த்தே என் ஆயுளின் நல்ல பகுதி போயிற்று. அதற்காக நான் வருந்தவில்லை. மறுபடி ஒருமுறை நீட்டத்தான் கை ஏங்குகிறது.

இப்போது பெட்ரோல் கொஞ்சம் தாராளமாக வரத் தொடங்கியிருக்கிறது. பஸ்களின் முதுகில் கட்டியிருந்த கரி உலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள். கரையான்சாவடி பழைய இரும்புக் கடை வாசலில் அவை குப்புறக் கிடக்கின்றன. பூந்தமல்லியில் டீ குடிக்க நின்றால் இளம் டிரைவர்கள் சூழ்ந்துகொண்டு, அந்தக் கரிப்புகையில் எப்படி அண்ணாத்தே மாரடித்தீர்கள் என்று கேட்கிறார்கள். மோட்டார் தொழிலாளர் சங்கத்து மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று ஒருவர் காகிதத்தையே கையில் திணித்துவிட்டார். அவர்கள் கஷ்டம் என்று சொல்வதைத்தான் நான் ஏக்கம் என்று சொல்கிறேன். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை எழுதிப் பார்க்கிறேன்.

நான் நெமிலிச்சேரிக்காரன். அப்பா அடுத்தவர் வயலில் ஏர் ஓட்டினார். எனக்கு ஏரின் வேகம் போதவில்லை. ஓடிப்போய் பஸ் துடைத்தேன், துடைத்தவன் கிளீனரானேன், கிளீனர் டிரைவரானான், டிரைவருக்கு இன்ஜினைப் பிரித்துப் பூட்டவும் தெரிந்தது. பல வருஷத்துக் கதையை ஒரு வரியில் முடித்துவிட்டேன். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் உட்காராத கால், ஒரு தொழிலைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

யுத்தம் வந்தது. பெட்ரோல் கூப்பனுக்குப் போயிற்று. பூந்தமல்லியிலிருந்து கிளம்பும் பஸ்களில் பாதி புளியமரத்தடியில் படுத்துக்கொண்டன. ஆவடிப் பக்கம் வயல்களை எடுத்துக்கொண்டு மிலிடரி வந்து இறங்கியது. அவர்களுக்கு எல்லாம் உண்டு. நமக்குக் கரி உண்டு, கடலோரத்துச் சவுக்குக் கரி. அதை மூடிய உலையில் அரைகுறையாக எரியவிட்டு, வருகிற காஸை இன்ஜினுக்குக் கொடுத்தால் வண்டி ஓடும். சென்னைக் கம்பெனிகள் உலை செய்தன, பட்டறைகள் செய்தன, பக்கெட் தட்டுகிறவர்கள்கூடச் செய்தார்கள். ஒவ்வொருவரும் தன் உலையைப் போர்த்தி மூடி வைத்துக்கொண்டார்கள். ஒருவன் செய்த தப்பையே அடுத்தவனும் முதலிலிருந்து செய்தான். சாம்பல் தூள் சிலிண்டருக்குள் போய் இன்ஜின்களை அரைத்துத் தின்றது.

அப்போதுதான் சர்க்கார் பாரிவாக்கம் ரோட்டில் ஓடாமல் நின்றிருந்த ஒரு ரைஸ் மில்லை வாடகைக்கு எடுத்து, சோதனை ஷெட் ஆக்கியது. ஷெட்டுக்குக் கொண்டுவரும் உலைக்குச் சர்க்கார் கரி கொடுக்கும், லாரி கொடுக்கும், ஓட்டிப் பார்க்க என்னைக் கொடுக்கும். தேறிய உலைக்கு இரும்புத் தகடு ஒதுக்குவார்கள். அந்த நாளில் தகடு என்றால் தங்கம். பதிலுக்கு அவர்கள் கேட்டது ஒன்றுதான். ஷெட்டுக்குள் ஒளிவு மறைவு கிடையாது.

அதை நடத்திக் காட்டியவர் சூப்பரின்டென்ட் ராவ் சார். ஒல்லி மனிதர். அல்பாகா கோட்டு, நெற்றியில் கரிய அங்காரக் கோடு, கையில் எப்போதும் ஒரு குடை. இன்ஜின் ஓடும்போது குடையின் இரும்பு முனையை அதன்மேல் ஊன்றி, மரக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். டாக்டர் நெஞ்சைப் பார்ப்பது போல இருக்கும். வால்வு தட்டுகிறதா, பிஸ்டன் தேய்கிறதா என்று அதிலேயே சொல்லிவிடுவார். மழை கொட்டினாலும் அந்தக் குடையை விரிக்க மாட்டார். நனைந்தால் சத்தம் மந்தமாகக் கேட்கும் என்பார். நனைந்துகொண்டே நடந்து வருவார், குடை கக்கத்தில் காய்ந்தபடி இருக்கும். யாரையும் அவர் தேறவில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. "இன்னும் ஓடணும்" என்பார். அதற்குமேல் ஒரு வசை அவரிடம் கிடையாது.

ஓட்ட முறை இதுதான். காஸை வடிகட்டும் பில்டர் பெட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவே, குழாய் மூட்டில் ஒரு வளையம். அதில் கைக்குட்டை அளவு மல் துணியை நான் இழுத்துக் கட்டுவேன். லாரியில் மணல் மூட்டை ஏற்றி, பூந்தமல்லி, ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி ரயில்வே கேட், அங்கிருந்து திரும்புதல். போன காஸ் எல்லாம் தன் அழுக்கை அந்தத் துணியில் விட்டுவிட்டுப் போகும். திரும்பியதும் துணியைக் கழற்றி, ஷெட் வாசலில் இரண்டு தூணுக்கு நடுவே கட்டியிருந்த கொடிக்கயிற்றில் மாட்டுவேன். உதறக் கூடாது. பேர் எழுதி ஒட்டக் கூடாது. ஆனால் யாருடையது எது என்று எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை பட்டறைக்காரர்கள் எல்லோரும் அந்தக் கொடிக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். அதிகக் கறுப்பான துணிக்காரர் முதலில் பேசுவார். என்ன செய்து பார்த்தேன், எங்கே கெட்டது என்று ஒளிக்காமல் சொல்வார். வெள்ளைத் துணிக்காரர் கடைசியில் பேசுவார், தன் பில்டர் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் பேசுவார். ஆரம்பத்தில் கறுப்புத் துணிக்காரர்கள் கல்யாண வீட்டில் செருப்பைத் தொலைத்தவர்களைப் போல விழித்தார்கள். நாளாக ஆக, முதலில் பேசுவதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. தோற்றதைச் சொல்கிறவன் வாயைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவன் மூன்று மாதம் கெட்டலைந்ததை மற்றவன் ஒரு காலையில் தெரிந்துகொண்டு, அடுத்த தப்பிலிருந்து தொடங்கினான். துணிகள் வாரத்துக்கு வாரம் வெளுத்தன. காற்றில் அவை ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நான் லாரி மட்கார்டில் உட்கார்ந்திருப்பேன். அதுபோல் மனசு நிறைந்த காலைகள் எனக்கு வேறு இல்லை.

சென்னைக் கம்பெனி ஒன்றின் மேஸ்திரி வரதன். பட்டணத்தில் சூளைப் பக்கத்துக்காரன், இஸ்திரி கலையாத சட்டை, கலையாத வாய். ஒரு சனிக்கிழமை அவன்தான் கேட்டான், நாங்கள் கண்டுபிடித்ததை நாங்களே வைத்துக்கொண்டால் சர்க்காருக்கு என்ன நஷ்டம் என்று. ராவ் சார் அன்று கொஞ்சம் நீளமாகப் பேசினார். ஸ்வீடன் என்று ஒரு பனி தேசம், அங்கே விறகுப் புகையிலேயே நாட்டு வண்டிகள் ஓடுகின்றன, சர்க்கார் நடுவில் நின்று செய்கிறவர்களையும் ஓட்டுகிறவர்களையும் சேர்த்து வைக்கிறது என்றார். ஜெர்மனியில் மேலிருந்து உத்தரவு வரும், எல்லோரும் அதைச் செய்வார்கள். இங்கிலீஷ்காரன் கமிட்டி போட்டுப் பேசியே ஒரு வழிக்கு வருவான்.

"ஒவ்வொரு தேசமும் தனக்குத் தெரிஞ்ச மாதிரி பந்தி போடறது. நமக்கு லாபரட்டரி கிடையாது, பணம் கிடையாது, தேசமே நம்ம கையில கிடையாது. இந்தக் கயிறு ஒண்ணுதான் இருக்கு. இதுல ஒருத்தர் துணி வரலேன்னாலும் பந்தி நடக்காது" என்றார். தேசம் என்று அவர் சொன்னபோது குரல் இறங்கியது. சர்க்கார் உத்தியோகஸ்தர் அல்லவா.

முனிரத்தினம் வந்தது அதற்குப் பிறகு. கரையான்சாவடியில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுகிறவர். பெரிய மீசை, பெரிய பேச்சு. தன் உலையை மாட்டுவண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். உலை சாதாரணம்தான். பில்டர் பெட்டி மட்டும் ஈயம் பற்றவைத்து நாலு பக்கமும் மூடியிருந்தது. அதன்மேல் பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு. அதில் அவர் பெயர் வெட்டியிருந்தது.

"இன்னா நைனா, கொழந்தை பொறக்கறதுக்கு முன்னயே பேர் வெச்சிட்டியா?" என்றான் வரதன்.

"என் ஊட்ல வலி எடுத்தாச்சி. நீ இன்னும் பொண்ணு பாத்துகினு கீறே."

ஷெட்டே சிரித்தது. வரதனும் சிரித்தான். நான் அந்த உலையைக் கட்டி ஓட்டிவிட்டு வந்து வளையத்தைக் கழற்றினேன். துணி நான் கட்டியபடியே இருந்தது. ஓரத்தில் மட்டும் விபூதி பட்டது போல ஒரு நிழல். ராவ் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு துணியை மூக்கருகே பிடித்துப் பார்த்தார். "சனிக்கிழமை வாங்கோ" என்றார்.

முனிரத்தினம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. நடுவாரத்தில் வருவார், ஓட்டச் சொல்வார், ஓட்டம் முடிந்ததும் அந்தப் பெட்டியை மட்டும் கழற்றி, துண்டில் சுற்றி, பச்சைப் பிள்ளையைப் போல ஏந்திக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவார். கொடியில் அவர் துணி மட்டும் வெள்ளை வெளேரென்று ஆடும். சனிக்கிழமை அதன் எதிரில் எல்லோரும் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். சொல்ல ஆள் இருக்காது.

ஏன் வரவில்லை என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். யுத்தத்துக்கு முன்னால் வண்டி அச்சுக்கு அவர் புதுமாதிரி ஒரு பூண் செய்தாராம். சக்கரம் முனகாமல் ஓடியதாம். டவுனிலிருந்து வந்த ஒரு வியாபாரி பார்த்துவிட்டு வாய் நிறையப் புகழ்ந்துவிட்டுப் போனார். அடுத்த சந்தைக்கு அதே பூண் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. முனிரத்தினமே தன் பூணைக் காசு கொடுத்து வாங்கி மாட்டும்படி ஆயிற்று. "வாய தொறந்தா பல்லுதான் தெரியும்னு நெனச்சேன் அண்ணாத்தே. உள்ள கீற சோத்தையும் எடுத்துகினு போய்ட்டான்" என்றார்.

ஆனால் அவருக்கு வேறு வழியும் இல்லை. பட்டை போட இரும்பு எங்கும் கிடைக்கவில்லை, எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது. பட்டறை அடுப்பு அணைந்து கிடந்தது. உலை தேறினால் தகடு வரும், தகடு வந்தால் அடுப்பு எரியும். தேறுவதற்கோ பெட்டியைத் திறக்க வேண்டும். தேறிய உலைகளின் பெயர்களை மேலே அனுப்ப வேண்டிய சமயம் நெருங்கிக்கொண்டிருந்தது. அது போய்விட்டால் தகடெல்லாம் மற்றவர்களுக்குப் பங்காகிவிடும்.

ராவ் சார் விதியை மீறுகிறவரும் அல்ல, மனிதரை விடுகிறவரும் அல்ல. யோசித்து ஒரு வழி சொன்னார். மூடிய பெட்டியோடு நெடு ஓட்டம் ஒன்று. வழக்கமான வட்டத்தை நிறுத்தாமல் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். தாக்குப்பிடித்தால் அவரே மேலிடத்துக்கு எழுதிக் கேட்பார். முனிரத்தினம் மீசையைத் தடவிக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

அன்று காபினில் நாங்கள் மூன்று பேர். நான் ஸ்டியரிங்கில், நடுவில் ராவ் சார், ஜன்னலோரம் முனிரத்தினம். காலையில் லாரி பறந்தது என்றே சொல்ல வேண்டும். வேப்பம்பூ கொட்டிய ரோடு, ஆவடி மிலிடரிக் கூடாரங்கள், பட்டாபிராம் தாண்டி ஏரிக்காற்று. முனிரத்தினம் ஜன்னலில் கையைப் போட்டுக்கொண்டு, எதிரே வருகிற வண்டிக்காரர்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டார். வெயில் ஏற ஏறப் பேச்சு குறைந்தது. ஆக்ஸிலேட்டர் என் காலடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று தோன்றியது.

நெமிலிச்சேரி கேட் மூடியிருந்தது. கரிகாஸ் வண்டிக்கு அந்த இடம்தான் பரீட்சை. நிற்க நிற்க உலையில் நெருப்பு மங்கும், காஸ் வலுவிழக்கும். கேட் திறந்ததும் எதிரில் தண்டவாள மேடு. நின்ற மூச்சில் ஏற வேண்டும். மிலிடரி சாமான் ஏற்றிய கூட்ஸ் ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ராவ் சார் குடை முனையை இன்ஜின் மூடியில் ஊன்றிக் காதை வைத்தார்.

"மூச்சு வாங்கறது."

"ஓடியாந்த குதிரை சார். வாங்கத்தான் வாங்கும்" என்றார் முனிரத்தினம். அவர் கண் பெட்டி இருந்த பக்கம் போய்ப் போய் வந்தது.

கேட் திறந்தது. பாதி மேட்டில் லாரி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. பின்னால் மிலிடரி லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்தன. சிப்பாய்கள் குதித்து வந்து, நான் பிறந்த ஊருக்கே நன்றாகக் கேட்கும்படி சிரித்துக்கொண்டு எங்களைத் தள்ளி மறுபக்கம் இறக்கிவிட்டார்கள். நெமிலிச்சேரி என் ஊர். வரப்பில் நின்றவர்களில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள்.

ஓரம் கட்டினேன். முனிரத்தினம் இறங்கிப் போய்ப் பெட்டியை விரலால் தட்டினார். நிறைகுடத்தைத் தட்டியது போல மொத்தென்று சத்தம் வந்தது. காஸில் இருக்கும் ஈரம் பெட்டிக்குள் இறங்கி, உள்ளே இருந்த எதையோ சேறாக்கி அடைத்துவிட்டது. எனக்குப் புரிந்தது. புரிந்ததற்குக் காரணம், இதே தொல்லை வரதனுக்கு வந்து, அதற்கு அவன் ஒரு வழி கண்டு, போன சனிக்கிழமைதான் அதை எல்லோருக்கும் சொல்லியிருந்தான். நான் வாயைத் திறந்தேன். ராவ் சாரின் குடைக் கைப்பிடி என் முழங்கையில் மெல்ல அழுந்தியது.

"அது சனிக்கிழமைச் சமாசாரம், மாணிக்கம்."

முனிரத்தினம் திரும்பி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். "அங்க இன்னா பேசிகினாங்கோ?"

"வந்தா தெரியும்" என்றார் ராவ் சார். கோபமே இல்லை. அந்த மனிதர் அவ்வளவு கல்லாக இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சொல்லிவிட்டு வயல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் சொல்லிவிட வேண்டும் போலத்தான் இருந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஒருவருக்கு ரோட்டோரம் சொல்லிவிட்டால் பிறகு கொடி எதற்கு, சனிக்கிழமை எதற்கு.

பெட்டியோடு அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவர் மனைவி கன்னியம்மா வாசலிலேயே இருந்தார். பெட்டிக்குள் சரக்கை அடைக்கிற வேலை அவருடையது என்று அன்றுதான் தெரிந்தது. கையெல்லாம் விளக்கெண்ணெய். நடந்ததைப் புருஷன் முகத்திலேயே படித்துவிட்டு, அணைந்த பட்டறை அடுப்பைக் காட்டினார்.

"ஒளிச்சி வெச்சி இன்னாத்தையா கண்டே? பூண தூக்கினு போனான், செரி. அப்பக்கூட அடுப்பு எரிஞ்சிகினு இருந்துச்சி. இப்ப யாரும் தூக்கல, அடுப்பும் எரியல. போய் தொறயா."

முனிரத்தினம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை அவர் வந்தார். சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டி, பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். கொடியில் அவர் துணிதான் அன்றைக்கும் வெள்ளை. முறைப்படி அவர் கடைசியில் பேச வேண்டும். யாரும் கூப்பிடாமலே முன்னால் வந்து, கறுப்புத் துணிக்காரர்கள் நிற்கிற இடத்தில் நின்றார்.

"என்துதான் கறுப்பு. துணியப் பாக்காதீங்கோ. வண்டி கேட்டாண்ட நின்னு போச்சி" என்றார். பிறகு உளியை வைத்து ஒரே அடி. ஈயம் விட்டுக்கொண்டது.

உள்ளே பீர்க்கங்கூடு. காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூடு, நாம் தேய்த்துக் குளிக்கிறோமே, அது. பாரிவாக்கம் தோட்டங்களில் வேலியெங்கும் தொங்குவது. அதை வரிவரியாக அடுக்கி, வண்டி அச்சுக்குப் போடுகிற விளக்கெண்ணெயில் நனைத்திருந்தார்கள். தூள் அத்தனையும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் எல்லோருடைய கண்ணிலும் தினம் பட்டது, ஒருவர் கண்ணுக்கும் தெரியாதது.

வரதன் ஏதோ சொல்லப் போகிறான் என்று காத்திருந்தேன். அவன் இஸ்திரிச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து ஒரு கூட்டை எடுத்துப் பிழிந்தான். எண்ணெயும் தண்ணீரும் சாம்பலும் குழம்பாக ஒழுகின. முகர்ந்து பார்த்தான். தன் லாரிக்குப் போய், அடியில் குழாய் வைத்த ஒரு தகரக் குடுவையைக் கொண்டுவந்து முனிரத்தினத்தின் காலடியில் வைத்தான்.

"இத்த உம் பொட்டிக்கு முன்னாடி மாட்டு நைனா. தண்ணி இதுல எறங்கிடும், கொழாயத் தொறந்து உட்டுடலாம். ஒரு வாரமா சொல்லணும்னு பாக்கறேன், ஆளைக் காணோம்." குடுவைக் குழாயைத் திருகிக் காட்டினான். "எனக்குத் தண்ணிதான் போச்சி. தூளு போவல."

பாதி அவனிடம் இருந்தது, பாதி இவரிடம். அங்கேயே தரையில் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துப் பூட்டினார்கள். அவன் இவர் சுத்தியலை எடுத்தான், இவர் அவன் பேச்சைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரமே மறுபடி நெடு ஓட்டம் போனோம். நெமிலிச்சேரி கேட்டில் நின்று, கூட்ஸ் போகக் காத்திருந்து, கிளப்பினேன். லாரி ஏறியது. தண்டவாளத்தின்மேல் சக்கரம் தடதடத்தது. வரப்பில் நின்ற என் சித்தப்பா, இந்தத் தடவை தள்ள வேண்டாமா என்று உரக்கக் கேட்டார்.

நியாயம் நடந்ததா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. தேறிய உலைக்குச் சர்க்கார் ஒரு எண் கொடுத்தது, பேர் கொடுக்கவில்லை. பித்தளைத் தகட்டைக் கழற்றச் சொன்னார்கள். பேரையும் விட்டுவைக்கலாமா என்று ராவ் சார் மேலே எழுதிக் கேட்டார், கூடாது என்று பதில் வந்தது. சென்னைக் கம்பெனி அந்தப் பெட்டியை ஏராளமாகச் செய்தது. முனிரத்தினத்துக்குக் கொஞ்சம் தகடு வந்தது, கொஞ்சம் பெட்டி செய்தார், அடுப்பு எரிந்தது. ரோட்டில் தன் பெட்டியைச் சுமந்துகொண்டு எவனுடைய பஸ்ஸோ போகும்போது, "அத்தோ போவுது பாரு, என் ஊட்டுப் புள்ள எவன் ஊட்டுக்கோ" என்பார். வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் அதன் பிறகு ஒரு சனிக்கிழமையை அவர் தவறவிட்டதில்லை. பேச்சில் வரதனையே மிஞ்சினார். தன் துணி கறுத்த வாரங்களில் முதல் ஆளாக வந்து நின்றார்.

அந்தக் காலம் போய்விட்டது. எனக்கு முன்பே என் நெஞ்சு ஓய்வு எடுத்துக்கொண்டது. கரிகாஸை வருஷக்கணக்கில் முகர்ந்தவனுக்குத் தலைவலியும் மூச்சிரைப்பும் கூடவே வரும். ஐம்பதைத் தொடும் முன்னரே வண்டியைத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷெட்டை மூடும் உத்தரவும் அதே சமயத்தில் வந்தது. ஆட்கள் கொடியை அவிழ்த்துச் சுருட்டினார்கள். கடைசித் துணிகளை எண்ணெய் துடைக்க எடுத்துப் போனார்கள்.

ராவ் சாரை வேறு எங்கோ மாற்றியிருந்தார்கள். ஷெட் வாசலில் நின்று அவரிடம் கேட்டேன், சுயராஜ்யம் வரப்போகிறது என்கிறார்களே, வந்தால் இந்த மாதிரி ஷெட் திறப்பார்களா என்று. அவர் தூண்களைப் பார்த்தார்.

"யுத்தம்னா கயிறு கட்டத் தெரியறது, மாணிக்கம். சும்மா இருக்கறச்சே கட்டுவாளா? பெரிய பெரிய கட்டடமெல்லாம் வரும். வரட்டும், வரணும். கறுப்புத் துணிக்காரன் முதல்ல பேசலாம்னு அங்க இடம் இருக்குமோ, அதான் தெரியலை."

தூறல் போட்டது. ராவ் சார் குடையை விரித்துக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தார். அதை விரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இங்கேயே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். போன சனிக்கிழமை நடந்ததையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் காய்கறி வாங்கக் கிளம்பியவன், பாரிவாக்கம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை ஆனால் கால் அந்தப் பக்கம்தான் போகிறது. மில் மறுபடி நெல் குத்துகிறது. பின்பக்கம் உமி மலைபோலக் குவிந்திருக்கிறது. வாசலில் மாடு அவிழ்த்த வண்டி ஒன்று நின்றிருந்தது. அதன் முகப்புப் பலகையில் ஆணியடித்த பித்தளைத் தகடு. வண்டி நிழலில் கன்னியம்மா. பக்கத்தில் ஒரு புதுமாதிரி உலை, அதன்மேல் குனிந்தபடி முனிரத்தினம்.

உமியில் காஸ் எடுத்துத் தோட்டத்துக் கிணறுகளில் இன்ஜின் ஓட்டலாம் என்றார். கெரசின் கிடைக்காமல் கத்தரிச் செடி காய்கிறது, இங்கே உமியைக் கொட்ட இடமில்லை என்றார். நான் உலையைச் சுற்றி வந்தேன். பில்டர் பெட்டி வாய் திறந்து கிடந்தது.

"மூடி எங்கே?"

"மூடியே போடல அண்ணாத்தே. எல்லாரும் பாக்கட்டும்னு அப்டியே கொண்டாந்தேன்." சுற்றிலும் பார்த்தார். "சனிக்கிழமையாச்சேன்னு வந்துட்டேன். யாரும் வர மாட்டாங்கோன்னு தெரியும்."

சைக்கிள் மணி கேட்டது. வரதன். சட்டை இஸ்திரி கலையாமல்தான் இருந்தது, முகம் கொஞ்சம் கலைந்திருந்தது. கம்பெனியில் காஸ் செக்ஷனை மூடிவிட்டார்கள். ஆவடிக்கு ஒரு வேலையாகப் போகிறேன் என்றான். சூளையிலிருந்து ஆவடிக்குப் போக இந்த வழி வேண்டியதே இல்லை.

உமியை அள்ளிப் போட்டுப் பற்றவைத்தோம். வரதன் புளோயரைச் சுற்றினான், நான் தீக்குச்சி காட்டினேன். வெள்ளைப் புகை, பிறகு மஞ்சள். மஞ்சளிலேயே நின்றது. கையை நீட்டிக் காத்திருந்தேன். நீலம் வரவில்லை. மல் துணி இல்லை. என் தோளில் இருந்த வெள்ளைத் துண்டை எடுத்துக் குழாய் வாயில் கட்டினேன். அவிழ்த்தபோது நடுவில் வட்டமாக, பிசுபிசுவென்று தேன்நிறக் கறை.

"இத்தக் கொண்டு தார் ரோடே போடலாம் நைனா" என்றான் வரதன்.

"போடு. உன் ஆவடிக்கு ரோடு இல்லாமதான் சுத்திகினு வந்துகீறே."

தூண்களில் பழைய ஆணிகள் அப்படியே இருந்தன. கன்னியம்மா வண்டிக் கயிற்றை அவிழ்த்து இந்த ஆணிக்கும் அந்த ஆணிக்குமாகக் கட்டி, துண்டை வாங்கி, உதறாமல் மாட்டினார். காற்றில் அது ஆடியது. மில் ஆட்கள் இரண்டு பேர் மூட்டையை இறக்கிவிட்டு, என்ன இது என்று வந்து நின்றார்கள். வரதன் அவர்களுக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றான்.

முனிரத்தினம் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். வழக்கமான இடத்தில் நின்றார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"என்துதான் கறுப்பு" என்று ஆரம்பித்தார்.